அஞ்சடியில் உட்கார்ந்து எழுதிய கிராணி

தண்ணீர்மலையிலிருந்தும், பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறியும் வந்திருக்கும் அண்ணன் தம்பிமார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கூட்டுறவும் சமுதாய முன்னேற்றமும்’. முன்னேற்றத்தைப் பற்றிப் பேச இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது பூட்டிய ஒரு கதவைப் பற்றி.

1986 ஆகஸ்ட். ஞாபகம் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்! பார்த்தீர்களா, எத்தனை கை! வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடங்கிக் கிடந்தன. ஐந்து லட்சம் பேருக்கு மேல், 150 கோடி வெள்ளி! பெரும்பாலும் சீனர்களின் சேமிப்பு. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவின் காசும் அதில் இருந்தது. எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன்.

அங்கே ஒரு கிராணி இருந்தார். நம்ம ஆள். அவர் பெயரையும் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கதவு பூட்டிய அன்று காலை வாசலில் கூட்டம். வட்டி பதிய வேண்டும் என்று பாஸ்புத்தகத்தை உள்ளே கொடுத்துவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை! இயக்குநர்கள் ஒருவரையும் காணோம். இவர் ஓடவில்லை ஐயா! அஞ்சடியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் கணக்கை நினைவிலிருந்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியவனுக்கும் எழுதிக் கொடுத்தார்!

பணம் போனது பெரிதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிதுதான். அக்காள் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வீட்டு கிராண்டு கேட்டார்கள். சங்கத்தில் கூட்டாளிகள் இரண்டு பேர் ஜாமீன் நின்றால் போதும், கடன் கிடைக்கும். அந்த இடமே இல்லாமல் போனதும் எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்காரர்கள் ஆ லோங்கிடம் போனார்கள். அப்பாவைச் சங்கத்தில் சேர்த்துவிட்ட மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா சாவுக்குத்தான் வந்தார்.

போன மாதம் ஒரு மேடையில் ஒருவர் பேசினாராம், நம் இனத்துக்குச் சேமிக்கத் தெரியாது என்று. யாருக்கு ஐயா தெரியாது? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, லயம் லயமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தாரே, கொடுத்தது யார்? பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள்! இதோ பக்கத்தில் கெடாவில், புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தக் காசில்தான் வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றைக்கும் நிற்கிறது. சேமிக்கத் தெரியாதவன் தோட்டம் வாங்குவானா?

சேமித்தவன் தப்புச் செய்யவில்லை. அந்த 24 சங்கங்களைப் பற்றி அரசாங்கமே வெள்ளை அறிக்கை வெளியிட்டது. உறுப்பினர் காசு இயக்குநர்களின் சொந்தக் கம்பெனிக்கும், நிலத்துக்கும், பங்குச் சந்தைக்கும் போன கதை அதில் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய ஆண்டுக் கூட்டத்தில் நாம் என்ன செய்தோம்? பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். என் அப்பாவும்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார், இரண்டே நிமிடம். 2005-இல் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் வந்தது. இன்று வங்கி மூடினால் ஒருவருக்கு இரண்டரை லட்சம் வெள்ளி வரை திரும்பக் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட காசுக்கு அந்தக் காப்பு இல்லை! எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். ம்... முன்பு தூக்கிய கைகள் எங்கே?

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் ஓட்டை வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்கட்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்கள் கணக்கறிக்கையைப் படித்துவிட்டுப் போங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தக் கிராணிக்கு அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. அவர் ஒரு காசு தொட்டதில்லை. இதோ, அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த காகிதம். கோடு போட்ட நோட்டுத் தாள். 2,340 வெள்ளி. கீழே அவர் கையெழுத்து. பின்னால் சங்கத்திலிருந்து கணக்கு வந்தபோது ஒத்துப் பார்த்தோம், ஐயா. ஒரு காசு வித்தியாசம் இல்லை.