விதையை உலர்த்திக் காத்தல்

(பேலியகொடையில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



களனி கங்கைக்கு அண்மையிலுள்ள இவ்வூரில் காற்று பெரும்பாலும் ஈரமானது. நன்கு காய்ந்த விதைநெல்லையும் சாக்கிலிட்டு வைத்தால், அது அந்த ஈரத்தை மெல்ல உறிஞ்சிவிடும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 ஆயிருக்கும்போது நெல்லின் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 14 இல் வந்து நிற்கும். விதை உயிருள்ள பொருள், அது சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்தால் சுவாசம் விரைவாகி, உள்ளிருக்கும் உணவு செலவழிந்து, வெப்பமும் பிறக்கின்றது. பூஞ்சணமும் வண்டும் பின்தொடர்ந்து வரும்.

ஹரிங்டன் என்ற விதை அறிஞர் வகுத்த கணக்கொன்று உண்டு. ஈரம் 14 முதல் 5 வரையான எல்லைக்குள் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்பது அது. 14 இலிருந்து 10 க்கு இறக்கினால் ஆயுள் 16 மடங்காகின்றது! வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் அவ்வாறே இரட்டிக்கும். மதிப்பீடே எனினும், நம்பி நடக்கத்தக்கது. யப்பானின் உதவியுடன் 1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கன்னொறுவைத் தாவர மரபுவள நிலையத்திலும், நோர்வேயின் சுவால்பாட் தீவுக்கூட்டத்தில் 2008 இல் திறக்கப்பட்ட விதைக் களஞ்சியத்திலும் உலர்வும் குளிருமே விதைகளைக் காக்கின்றன. பச்சைப்பெருமாள், சுதுஹீனட்டி போன்ற பழைய நெல்லினங்கள் வயலில் அருகினாலும் உலர்ந்த விதையாக அவற்றை வைத்திருக்க முடியும்.

வீட்டில் செய்யத்தக்கதைச் சொல்கின்றேன். விதையைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, காலை மாலை வெயிலில் உலர்த்துங்கள். நண்பகலில் தார் வீதியிலோ சீமெந்துத் தரையிலோ பரப்பலாகாது. ஈரவிதை 40 பாகைக்கு மேல் சூடேறினால் முளை கெடும். தக்காளி, கத்தரி விதைகளைக் கழுவி, முதலில் நிழலில் உலர்த்துக.

காய்ந்ததை அறிய உலர்ந்த கண்ணாடிப் போத்தலொன்றில் விதையுடன் சிறிது உலர்ந்த உப்பையுமிட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் ஈரமே. ஒட்டாவிட்டாலும் மேலும் ஓரிரு நாள் உலர்த்துவது நன்று.

விவசாயப் பள்ளியில் பயின்றபோது நான் அவசரப்பட்டு, அரைகுறையாகக் காய்ந்த மிளகாய் விதையைப் போத்தலில் இறுக மூடிவைத்தேன். சாக்கில் வைத்த விதையாவது ஓரளவு முளைத்தது. என் போத்தலில் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை அல்லவா? ஆகவே உலர்த்திய பின்பே மூடவேண்டும். வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து, போத்தலின் காற்பங்களவு அடியிலிட்டு, அதன்மேல் விதையை இடுக. மூடியின் விளிம்பை மெழுகால் அடைத்து, இனத்தின் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டுக.

பலா, மா, கொக்கோ, இறப்பர் விதைகளை இவ்வாறு காக்க முடியாது. அவை உலர்ந்தால் இறந்துவிடும், பறித்தவுடன் நட்டுவிடுங்கள்.

விதைப்பதற்குப் பத்து நாள் முன்னர் 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி முளைப்பை எண்ணுங்கள். நெல்லில் 85 க்குக் குறைந்தால் வேறு விதை தேடவேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறவாதீர்கள். அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், அன்றேல் விதைமேல் நீர் படியும். மாதிரிப் போத்தல்கள் இம்மேசைமேல் உள்ளன. அருகில் வந்து பார்வையிடலாம்.