மூன்றரை மாதக் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, "இது மாதர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமன்றோ, வாலிபர் சங்க மேடையில் ஏன்?" என்று சிலர் வினவியதாக அறிந்தேன். அவர்களுக்கு என் விடை இதுதான். தாய்ப்பாலைப் பற்றித் தாய்மார் அறியாதது சிறிது. ஆடவர் அறியாததே பெரிது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று இன்னார் இன்ன மலைக்கு என்று ஆளைப் பிரித்து அனுப்புபவர் பெரும்பாலும் ஆடவர். கொழுந்து நிறுக்கும் தராசின் அருகே நிற்பவரும் ஆடவர். சம்பள நாளன்று டவுனுக்குப் போய்ப் பால்மாப் பெட்டியை வாங்கி வருபவரும் அநேகமாக அவரே. ஆகவே பேச வேண்டிய இடத்தில்தான் பேசுகிறேன் என்று நினைக்கிறேன்.

தாய்ப்பால் ஊட்டுவதில் இலங்கை உலகத்துக்கே முன்மாதிரியாக நிற்கும் நாடு. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே அருந்தியிருக்கிறார்கள். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதியை எட்டுவதே அரிதாக இருக்கிறது. இது ஒரு நாளில் வந்த பேறன்று. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலமுதல், மருத்துவிச்சிமார் குடையும் பையுமாக வீடு வீடாக நடந்த நடையின் பயன் இது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றிப்போன ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17. நம் தோட்டங்களில் நூற்றுக்கு 32. ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதற்குக் காரணம் ஒன்றல்ல. தாயின் இரத்தசோகை, பிறக்கும்போதே எடை குறைவு, ஆறு மாதத்தின்பின் கொடுக்கும் உணவில் சத்துக் குறைவு என்று பல உண்டு. எல்லாவற்றையும் தாய்ப்பாலின் தலையில் சுமத்த நான் வரவில்லை. எனினும் அந்தக் காரணங்களுள் ஒன்று நம் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி இன்று ஒரு தாய்க்குக் கிடைக்கும் விடுமுறை 12 கிழமை. மூன்றாம் பிள்ளை முதல் அதில் பாதிதான் என்றிருந்த அநியாயம் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு ஒழிந்தது. இந்தப் பன்னிரண்டில் இரண்டு கிழமை பிள்ளைப் பேற்றுக்கு முன்னே கழிந்துவிடும். மீதி பத்து. ஆகவே தாய் மீண்டும் மலையேறும்போது பிள்ளைக்கு வயது இரண்டரை மாதம். வைத்தியர்களோ ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்கிறார்கள். இரண்டரைக்கும் ஆறுக்கும் இடையே மூன்றரை மாதம். அந்த மூன்றரை மாதத்தில் பிள்ளை பிள்ளைக் காம்பராவில். தாய் கொழுந்து மலையில்.

சட்டம் இதை எண்ணாமல் இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடைய தாய்க்கு ஒன்பது மணி நேரத்துள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது அதே கட்டளைச் சட்டத்தின் விதி. பிள்ளையை வைத்திருக்கத் தக்க இடம் தொழில் கொடுப்போர் அமைத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. அமைக்காவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. இதனை நம் தாய்மாரில் எத்தனை பேர் அறிவார்கள்? இந்த மண்டபத்தில் இருக்கும் தலைவர்மாரில் எத்தனை பேர் அறிவார்கள்?

பட்டணத்துத் தொழிற்சாலைக்கு அரை மணி போதும்; குழந்தைகள் காப்பகம் அடுத்த அறையில் இருக்கும். நம் பிள்ளைக் காம்பராவோ லயத்தருகே கீழே இருக்கிறது. கொழுந்து மலை மேலே. இறங்க இருபது நிமிடம், ஏற அதற்கும் மேல். மழையில் அட்டை கடிக்க, படங்கு காலில் தட்ட, ஓடி இறங்கிய தாய் பிள்ளையை மடியில் எடுக்கும்போதே அரை மணி முடிந்துவிடுகிறது. இதற்கிடையில் பக்கத்து நிரையில் நிற்பவளின் கூடை நிறைகிறது. குறித்த கிலோ வராவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். அந்த அச்சத்தில் ஒருநாள் இறங்காமல் இருக்கிறாள். மறுநாளும் இறங்குவதில்லை.

பாலின் இயல்பு கிணற்று ஊற்றைப் போன்றது, இறைத்தால் சுரக்கும். மார்பில் தேங்கி நின்றால் இனிப் போதும் என்று உடல் தானாகவே சுரப்பைக் குறைத்துவிடும். இரண்டு கிழமையில் அவள் "பால் வற்றிப் போயிற்று" என்கிறாள். மாமியார் "இவள் உடம்பு வாகு அப்படி" என்கிறார். கணவன் பால்மா வாங்குகிறான். வற்றியது அவள் உடம்பின் குற்றத்தால் அன்று. அந்த இருபது நிமிடப் பாதையால்.

இதற்குப் பரிகாரம் பெரிய பணச் செலவில்லை. பால் கொடுக்கும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்கு அண்மையிலுள்ள மலையில் நிறுத்த வேண்டும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் மனம் வைத்தால் பெரட்டுக்களத்திலேயே முடிகிற காரியம். நடக்கும் நேரத்தை இடைவேளையில் கழிக்கலாகாது என்பதும், அந்த ஓராண்டுக்கு அவள் கிலோக் கணக்கில் சலுகை வேண்டும் என்பதும் தொழிற்சங்கத்தார் துரைமாரோடு பேச வேண்டியவை. சம்பளப் பேச்சுக்கு ஊர்வலம் போகும் நாம் இதற்கு ஒரு கடிதமாவது எழுதினோமா?

இனி, இறங்கவே முடியாத நாட்களுக்கு ஒரு வழி உண்டு. பெரட்டுக்குப் போகுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் பாலைக் கையால் கறந்து வைத்துவிட்டுப் போகலாம். நுவரெலியா, ஹட்டன் குளிரில் நிழலான இடத்தில் அது நான்கு மணி நேரம் கெடாது. அடுப்பில் சூடாக்கக் கூடாது. சுடுநீர்ப் பாத்திரத்துள் வைத்துக் குளிர் போக்கினால் போதும். போத்தலும் சூப்பியும் வேண்டா. அவற்றைக் கழுவுவதும் கடினம், சூப்பிக்குப் பழகிய பிள்ளை மார்பை மறுப்பதும் உண்டு. சிறு கோப்பை போதும், அல்லது நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கு, பாலாடை.

கறந்த பாலா என்று முகம் சுளிப்போர் இருக்கிறார்கள். சீர்காழிக் குளக்கரையில் அழுத ஞானசம்பந்தப் பிள்ளைக்கு உமையம்மையார் எப்படிப் பாலூட்டினார்? பொன் வள்ளத்தில் கறந்து ஊட்டியதாகவே சேக்கிழார் பாடியிருக்கிறார். அம்மைக்கு அடுக்குமாயின் நமக்கு அடுக்காதா?

பால்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் தலைப்பு "பாலும் கொலையும்" என்பதாகும். சீனி கலந்த டின்பாலைக் கைக்குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரம் செய்து தாய்மாரை ஏமாற்றுவதைக் கொலைக் குற்றமாகவே கருத வேண்டும் என்ற கருத்தை, வியாபாரிகள் நிறைந்த அந்தச் சபையிலேயே அஞ்சாமல் சொன்னார். நாற்பது ஆண்டு கழிந்தபின் 1981 மே மாதத்தில்தான் உலக சுகாதார மன்றம் அத்தகைய விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு அமெரிக்காவின் ஒரே வாக்கு. இலங்கையும் தனக்கென ஒரு விதிக்கோவையைத் தாமதமின்றி வகுத்துக்கொண்டது.

லயக் காம்பராவில் பால்மாவின் கேடு என்னவென்றால், ஒரு கிழமைக்குரியதை இரு கிழமைக்கு ஓட்டுவதற்காகத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது. தண்ணீரோ பீலித் தண்ணீர். பிள்ளைக்கு வயிறும் நிறையாது, வயிற்றோட்டமும் நிற்காது. 2022ஆம் ஆண்டில் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றதை இதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாளில் தாய்ப்பால் அருந்திய பிள்ளைக்கு எந்த வரிசையும் இருக்கவில்லை.

பாட்டிமாருக்கு ஒரு விண்ணப்பம். கோபிக்கலாகாது. பிள்ளை பிறந்ததும் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பது அன்பினால் செய்வது என்பதை அறிவேன். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. அதில் சிசுவுக்கு நஞ்சாகும் கிருமி இருக்கக் கூடும். முதல் மணி நேரத்திலேயே பிள்ளையை மார்பில் சேர்த்துவிடுங்கள். மஞ்சளாய்த் திரண்டு வரும் சீம்பாலைப் பீய்ச்சி எறியாதீர்கள். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் செறிந்திருக்கிறது. முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவு, ஆகவே சில சொட்டே அதற்கு விருந்து. அழும்போதெல்லாம் "பால் பற்றவில்லை" என்று தாயின் மனத்தைக் கலக்காதீர்கள். முதல் கிழமைக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைகிறதா, மருத்துவிச்சி எழுதும் பதிவேட்டில் எடைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாயின் பால் போதும். மற்றப்படி உங்கள் முருங்கைக்கீரையும் பூண்டும் கருவாட்டுக் குழம்பும் தாராளமாக நடக்கட்டும். தாய் நன்றாக உண்ண வேண்டும் என்பதில் வைத்தியருக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. தண்ணீரை மட்டும் மறுக்காதீர்கள்.

வாலிபத் தகப்பன்மாருக்கு இராத்திரி வேலை ஒன்று இருக்கிறது. இரவில் ஊட்டும் பாலே மறுநாள் சுரப்பை வளர்க்கிறது. ஆனால் பகலெல்லாம் மலையில் நின்றவள் இரவில் மூன்று முறை எழ வேண்டும். அவள் எழும்போது நீங்களும் எழுந்து பிள்ளையின் துணியை மாற்றிக் கொடுங்கள். விடியலில் விறகும் தண்ணீரும் உங்கள் பொறுப்பாகட்டும். பாலைக் கறந்து வைக்க அவளுக்கு வேண்டிய கால் மணி நேரம் அதில் கிடைத்துவிடும்.

சங்கத்தாரிடம் கேட்பது ஒன்றே. ஒவ்வொரு டிவிஷனிலும் இரு அங்கத்தவர் பொறுப்பேற்று, பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒவ்வொரு மலைக்கும் நடக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்து வாருங்கள். இந்த மாதம் பால் கொடுக்கும் தாய்மார் எந்த மலையில் நிற்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு துரையைக் காண்போம்.

கேள்வி கேட்க விரும்பும் தாய்மார் விழா முடிந்ததும் மேடையின் இடப்பக்கத்து அறைக்கு வரலாம். மருத்துவிச்சி அம்மாவும் அங்கே இருப்பார். கூச்சமுள்ளவர்கள் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி.