பச்சை குத்தும் பொறியும் கைப்பெட்டி மின்சாரமும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அக்கல்வி ஒரு கைத்தொழிலுக்கு எவ்வாறு துணை நிற்கும் என்பதை இன்று பேச விரும்புகிறோம். நம் வட்டாரத்து இளைஞர் சிலர் பச்சை குத்தும் தொழிலில் நாட்டம் கொண்டுள்ளனர். கடைக்கு முன்பணம் கட்ட வழியில்லாதவர் பொறியையும் மின்பெட்டியையும் பையில் இட்டுக்கொண்டு திருவிழாக்களுக்குச் செல்கின்றனர். அப்பெட்டியைத் தாமே செய்துகொள்வோரும் உளர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் அறிவோடு செய்தால் அது பிழைப்பு. அறியாமல் செய்தால் ஆபத்து.

பச்சை குத்துதல் நம் நாட்டில் பழந்தொழில். குறவர் குலப் பெண்கள் இத்தொழில் செய்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். அவர்களுக்கு ஊசியும் விளக்குக் கரியும் போதும், மின்சாரம் வேண்டியதில்லை. பொறி வந்த கதை வேறு. 1876-இல் தாமஸ் ஆல்வா எடிசன் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் நுண்துளைகள் இட்டுப் படியெடுக்கும் கருவி அது, மின்கலத்தால் இயங்கியது. அதன் வழிவந்த பச்சை குத்தும் பொறிக்கு 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி காப்புரிமை பெற்றார். ஆகவே மின்கலத்தால் பொறியை இயக்குவது புதுமையன்று. இத்தொழிற்பொறியின் மூதாதையே மின்கலத்தால் இயங்கியதுதான்.

பொறி எவ்வாறு இயங்குகிறது? பள்ளியில் நாம் நடத்தும் மின்சார மணிப் பாடத்தை நினைவுகூருங்கள். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்கும். இழுத்தவுடன் தொடர்பு அறும். வில் தகட்டை மீண்டும் மேலே தள்ளும். மணியில் சுத்தியல் அடிக்கிறது. இங்கே ஊசி இறங்குகிறது. சிறு மோட்டாரால் சுழலும் பொறிகளும் உண்டு. இரண்டிற்கும் ஏறாமலும் இறங்காமலும் வரும் நேர்மின்னோட்டம் தேவை. பெரும்பாலும் 6 முதல் 10 வோல்ட் வரை போதும். அழுத்தம் தளர்ந்தால் ஊசி தளரும், குத்துபவர் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்துவார், தோல் புண்ணாகும். பெட்டியின் குறை அடுத்தவர் உடம்பில் தழும்பாக நிற்கும்.

இனிப் பெட்டியைப் பார்ப்போம். ஒரு லித்தியம் அயனி மின்கலத்தின் இயல்பான அழுத்தம் 3.7 வோல்ட், முழுதும் ஏற்றினால் 4.2 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், முழு ஏற்றத்தில் 12.6 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த இது குறைந்துகொண்டே வரும். ஆதலால் அழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் 'பக் கன்வர்ட்டர்' என்னும் சுற்று இடையில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கலமும் 2.5 ஆம்பியர் மணி கொண்டதாயின் சேமிப்பு ஏறத்தாழ 28 வாட் மணி. பொறி 8 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுத்தால் செலவு 8 வாட். இடையில் நேரும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 3 மணி நேர வேலை. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. ஆனால் வாடிக்கையாளர் கையில் பாதிப் படம் இருக்கும்போது பெட்டி அணைந்துபோகாமல் காப்பதும் இக்கணக்கே.

காப்பு முறைகளையும் மனத்திற் கொள்ளுங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த, வலிமை ஒவ்வாத கலங்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கலத்தின் மீது நேரே பற்றவைக்காதீர்கள். சூடு அதன் உட்பகுதியைக் கெடுக்கும். ஃபியூசும், பி.எம்.எஸ். எனப்படும் காப்புச் சுற்றும் இன்றிப் பெட்டியை மூடாதீர்கள். 12.6 வோல்ட்டுக்கென அமைந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். கார் பேட்டரிக்குரிய சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். கலம் வெடித்துத் தீப்பற்றக்கூடும். சார்ஜரில் மாட்டியபடியே வேலை செய்யாதீர்கள். தனித்து இயங்கும் மின்கலத்துக்கும் வீட்டின் 230 வோல்ட்டுக்கும் தொடர்பில்லை. மலிவான சார்ஜர் பழுதானால் அந்த 230 வோல்ட் குத்துபவர் கைக்கும் குத்திக்கொள்பவர் உடம்பிற்கும் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை நாம் கண்டோம். அத்தகைய வெள்ளத்தில் நனைந்த பெட்டியைக் காயவைத்து மீண்டும் ஏற்றலாம் என எண்ணவே வேண்டாம்.

மின்சாரம் சரியாயிற்று, தூய்மை? இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அந்நோயும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியால் மற்றவருக்குச் செல்லும். எட்டு வாட் தரும் பெட்டியால் ஊசியை அவித்துக் கிருமி நீக்கும் கலனை இயக்க முடியாது. ஆதலால் வெளியிடத்தில் வேலை செய்பவர், முத்திரையிட்ட புது ஊசியை ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி அப்புறப்படுத்த வேண்டும். மைக்கிண்ணமும் கையுறையும் அவ்வாறே. இரத்தம் பட்ட கையுறையோடு பெட்டியின் திருகைத் தொடாதீர்கள்; பெட்டியை நெகிழித்தாளால் மூடி, ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்; இயக்கவும் நிறுத்தவும் கால்மிதி விசையை வையுங்கள்.

இளைஞர்களே! எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நம் அருகில்தான் இயங்கியது. மின்சாரம் ஊரெல்லாம் சென்றது. சாம்பல் நம் பக்கம் தங்கியது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நாட்டின் மின்சாரத் திட்டமும் அவர் பொறுப்பில் இருந்தது. இன்று அவர் உருவத்தைக் கையில் குத்திக்கொள்ள விரும்பி வருவோர் பலர். அந்த உருவத்தைத் தீட்டும் பொறிக்குள் ஓடும் மின்சாரத்தின் இயல்பை அறிந்து தீட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பில் வாரம் ஒருநாள் மின்சுற்றுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்; ஒரு மல்ட்டி மீட்டரும் சில கலங்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். பெட்டி செய்த இளைஞர் அதை அங்கே கொண்டுவந்து அளந்து காட்டட்டும்; அதன்பின் திருவிழாவுக்கு எடுத்துச் செல்லட்டும். தொழிலில் இழிவு இல்லை, அறியாமையே இழிவு.