சங்கத்தின் கணக்கு நோட்டு யார் கையில்?

(மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொறுப்பாளர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சைகை மொழியில் பெயர்த்துச் சொல்லும் தோழருக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். வேகம் கூடினால் கையைத் தூக்குங்கள்.

சிறு அமைப்புகளின் நிறுவனத் திறனை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘திறன் வளர்ப்புப் பயிற்சி’ உங்களுக்குப் புதிதல்ல. ஓட்டல் அரங்கு, திரையில் ஆங்கிலக் கட்டங்கள், மதியம் பிரியாணி, மாலையில் ஒரு சான்றிதழ். மறுநாள் அலுவலகத்தைத் திறந்தால் வாடகை பாக்கி அப்படியே இருக்கும். ஆகவே முதலில் ஒரு கேள்வி: நமக்குத் திறன் இல்லை என்று யார் சொல்கிறார்கள்? எதை வைத்து அளக்கிறார்கள்?

ஒரு சிறு சங்கம் செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காகக் கிடக்கும் ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள். ஆட்டோ பிடித்து மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போகிறீர்கள். சதவீதத்தைக் குறைத்துப் போட்டால் மருத்துவரிடம் வாதாடுகிறீர்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பம், உதவித்தொகைக்கு மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசை, நூறு நாள் வேலை மறுக்கப்பட்டால் பி.டி.ஓ. அலுவலக வாசலில் உட்காருதல். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சுக்கு ஆளானோர் என்று பட்டியல் நீண்டது. சட்டம் விரிந்தது நல்லது. அந்த மக்களும் உங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். உங்கள் ஆள்பலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவையும் செய்கிற சங்கத்துக்கு ‘திறன் போதாது’ என்று விண்ணப்பப் படிவம் சொல்கிறது. அந்தப் படிவம் என்ன கேட்கிறது? வெளிநாட்டு நிதிக்குப் பதிவு வேண்டுமென்றால் 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். கடந்த 3 நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். நிதி இல்லாததால் நிதி கேட்கப் போகிறவர், 15 லட்சம் செலவழித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும்! முன்பு பதிவு பெற்ற பெரிய நிறுவனம், பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குத் தன் நிதியில் ஒரு பகுதியைக் கொடுக்க முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த சட்டத்திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் போனால், 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனியாக ஒரு பதிவு, அதோடு 3 ஆண்டு அனுபவம். வரிவிலக்குப் பதிவுகளும் 2021 முதல் காலக்கெடு போட்டு வருகின்றன; மறந்தால் போயிற்று.

இதையெல்லாம் சமாளிக்க ஆடிட்டர் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், அலுவலகம் வேண்டும். இவை யாரிடம் இருக்கின்றன? இங்கேதான் சாதி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 சதவீதம். மலக்குழியும் செங்கல் சூளையும் குவாரியும் யார் உடம்பை உடைக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊனம் நம்மிடம் அதிகம் இருக்கிறது. ஊனமுற்றோர் பெயரால் நடக்கும் பெரிய நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் நம்மவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிலருக்கு ஆடிட்டர் சித்தப்பா முறை, வங்கி மேலாளர் கூடப் படித்தவர், நன்கொடையாளர் பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் அதைத் ‘திறன்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். நமக்கோ அலுவலகம் பிடிப்பதே போராட்டம். சாதி கேட்டு ஒரு வீடு போகும். படிக்கட்டைப் பார்த்து இன்னொரு வீடு போகும்.

ஆனால் தோழர்களே, இதைச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. நம் சங்கங்களுக்குள்ளும் ஒரு நோய் உண்டு. எல்லாம் ஒரே ஆளின் தலையில் இருக்கிறது. செயலாளர் ஆஸ்பத்திரியில் படுத்தால் சங்கமும் படுத்துவிடுகிறது. காசோலைப் புத்தகம் அவர் வீட்டு பீரோவில், கடவுச்சொல் அவர் மனதில், எந்த அதிகாரி எந்த மனுவுக்கு என்ன பதில் சொன்னார் என்பது அவர் நினைவில். அவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் ஒருவரை நம்பி நிற்கும் அமைப்பு, அவர் போன மறுநாள் யார் கைக்கும் போகலாம்.

அம்பேத்கர் 1924ல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். சபையின் தலைவராகச் சட்ட வல்லுநர் சர் சிமன்லால் செதல்வாட் இருந்தார். நிர்வாகக் குழுவின் தலைமை அம்பேத்கரிடம் இருந்தது. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தத் தொடங்கினார்கள். செல்வாக்குள்ள நண்பர்களை ஒதுக்கவில்லை. ஆனால் அன்றாட நிர்வாகத்தை அவர்களிடம் ஒப்படைக்கவும் இல்லை. ரசீதும் தீர்மானமும் போராட்டத்துக்கு வெளியே இருப்பவை என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பாடம் இன்று நமக்கு வேண்டும்.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 2007ல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் குழு 2018ல் தந்த விளக்கம் ஒரு கோடு போடுகிறது: மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தப்படும் அமைப்பு வேறு, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்பு வேறு. சட்டம், திட்டம் வகுக்கும்போது அரசு கலந்தாலோசிக்க வேண்டியது முதன்மையாக இரண்டாம் வகையை. நாம் அந்த இரண்டாம் வகை என்று சொல்வதானால், நம் கணக்கு நோட்டும் நம் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு நான்கு வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, கணக்கைத் தமிழில் எழுதி, மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசியுங்கள். பார்வையற்ற தோழருக்குக் காதில் விழ வேண்டும். செவித்திறன் இல்லாத தோழருக்குக் கையில் தெரிய வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு எளிய சொல்லில், படத்தில் புரிய வேண்டும். எல்லா உறுப்பினருக்கும் எட்டாத கணக்கு, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பாதிக் கணக்குத்தான். கையெழுத்து அதிகாரம் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். வேலை தெரிந்தவர்களும் இரண்டு பேர் இருக்கட்டும்.

இரண்டு, மனுப் பதிவேடு. யார் வந்தார், எந்த ஊர், என்ன மனு, எந்தத் தேதி, என்ன முடிவு. ஐந்து கட்டம் போட்ட நோட்டு போதும். என்னைப் போன்ற ஆய்வாளர்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்குகிறோம். அந்தத் தகவல் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். கலெக்டரிடம் ‘நிறைய பேருக்கு உதவித்தொகை வரவில்லை’ என்று சொன்னால் பார்க்கலாம் என்பார். ஊர் வாரியாக, தேதி வாரியாகப் பட்டியலை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்று, அடுத்த வரிசை. குறிப்பாகத் தலித் பெண் மாற்றுத்திறனாளிகள். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும், துணைக்குப் போவதும் அவர்கள்; மேடையில் பெயர் வேறு யாருடையதோ. பொறுப்பைக் கொடுங்கள், கூடவே சம்பளமும் கொடுங்கள். ‘சேவை’ என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்குவது யாருக்குப் பழக்கம் என்று நமக்குத் தெரியும். அதை நம் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

நான்கு, கூட்டு அலுவலகம். ஒரு மாவட்டத்தில் பத்துச் சிறு சங்கங்கள் தனித்தனியாக ஒரு கணக்கரை வைத்துக்கொள்ள முடியாது. பத்தும் சேர்ந்தால் முடியும். மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டு அறிக்கை, வருமான வரித் தாக்கல், புதுப்பிக்க வேண்டிய தேதிகள் அனைத்தையும் அவர் பார்க்கட்டும். பணமும் முடிவும் அந்தந்தச் சங்கத்திடமே இருக்கட்டும். பெரிய நிறுவனம் ஒன்றின் கிளையாகப் போய் ஒட்டிக்கொள்வதைவிட இது மரியாதையான வழி.

இவை நம் பக்கம். கொடுப்பவர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதும் உண்டு. கணக்கரின் சம்பளம், வாடகை, சைகை மொழிபெயர்ப்பாளர், துணையாள், ஆட்டோ கூலி, இவற்றை வீண்செலவு என்று வெட்டாதீர்கள். ஆட்டோ இல்லாமல் எங்கள் உறுப்பினர் கூட்டத்துக்கு வர முடியாது. கம்பெனி நிதியில் பேசப்படும் 5 சதவீத வரம்பு, அந்தக் கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பணியை நிர்வகிக்கும் செலவுக்கானது. அதைச் சங்கத்தின் தலையில் கட்டினால் விதியை எடுத்துக் காட்டுங்கள். அரசு, பதிவுக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவைச் சிறு சங்கங்களுக்கு மானியமாகத் தர வேண்டும். படிவங்களைத் தமிழில், திரைவாசிப்பான் வாசிக்கும்படி தர வேண்டும்.

ஏன் இதை இப்போது சொல்கிறேன்? உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாட்டில் 2025ல் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் நியமனம் என்றால் யாரோ ஒருவருடைய பெயர் மேசைக்குப் போக வேண்டும். உறுப்பினர் பட்டியலும் தீர்மானப் புத்தகமும் வைத்திருக்கும் சங்கம் தன் வேட்பாளருக்காக வாதாடலாம். அவை இல்லாத ஊரில், தலைவருக்கு வேண்டியவர் பெயர் போகும். காலனித் தெருவில் தவழ்ந்து வரும் பெண்ணின் பெயர் போகாது.

சாப்பாட்டுக்குப் பிறகு குழுவாக உட்காரும்போது, உங்கள் சங்கத்தின் காசோலைப் புத்தகம், தீர்மான நோட்டு, உறுப்பினர் பட்டியல் ஆகிய மூன்றும் இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானம் என்ன என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெய்பீம்.