கீழே இறங்கிய பயணிகள்

(உபகாரிகள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டில் ஜெபிக்கிறவருக்கு மருந்துக் கணக்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். அதனால்தான் டாக்டரிடம் பாடம் கேட்டேன்.

அந்தச் சகோதரியின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. வலிப்பும் உண்டு, அதற்கு பெனிட்டாயின் மாத்திரை. வேறோர் இடத்தில் இரத்தத்தைச் சோதித்தார்கள். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்கவேண்டிய மருந்து 5தான் இருந்தது. உடனே மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். சில நாளில் மனிதருக்கு ஓயாத மயக்கம், நடையில் தள்ளாட்டம், கண்மணிகள் நிலைகொள்ளாத ஆட்டம். எங்களிடம் கொண்டுவந்தபோது அந்த அம்மா கேட்டார்: "ஐயா, குறைச்சல் என்றுதானே கூட்டினார்கள்? அதிகமானது மாதிரி இவர் ஏன் இப்படிக் கிடக்கிறார்?"

டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கம் இது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் ஒரு பேருந்து. பெனிட்டாயின் 100 பேர் என்றால் 90 பேர் அதில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே இறங்கி நடக்கிற 10 பேர்தான் மூளைக்குப் போய் வேலை செய்கிறவர்கள். சிறுநீரகம் கெட்டால், வெளியேறாத கழிவுகள் இருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றன. இருக்கையின் அமைப்பே மாறிவிடுவதும் உண்டு. சிலருக்குப் புரதம் சிறுநீரில் ஒழுகிப் பேருந்தே குறைந்துபோகும். இறங்கி நடப்பவர் 20, 30 ஆகிறார்கள். அப்படி இறங்கியவர்களைக் கல்லீரல் பிடித்து அழிப்பதால் மொத்தத் தொகை குறைகிறது.

சாதாரணச் சோதனை எண்ணுவது மொத்தத் தலைகளை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு 12.5இல் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் 1.25. இவருக்கு 5இல் நாலில் ஒரு பங்கு இறங்கினாலும் அதே 1.25! போதிய மருந்து ஏற்கனவே இருந்தது. அதோடு பெனிட்டாயினை அழிப்பதில் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கொஞ்சம் கூட்டினாலும் அளவு மளமளவென ஏறிவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. 1971இலேயே ரெய்டன்பெர்க் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதை எழுதிவிட்டார்கள். எல்லா மருந்துக்கும் இப்படி ஆவதில்லை. பெனிட்டாயின், வால்ப்ரோயேட் போல அமிலத்தன்மை உள்ளவைக்குத்தான் பெரும்பாலும்.

இறங்கி நடக்கும் மருந்தை மட்டும் அளக்கத் தனிச் சோதனை உண்டு. மாதிரியை நுண்வடிகட்டியில் இட்டுச் சுழற்றிப் பிரிக்கவேண்டும், செலவு கூடுதல். நீங்கள் அனுப்பும் காணிக்கை, கொடுக்க இயலாத வியாதியஸ்தருக்காக இப்படிப்பட்ட பில்லுக்கும் போகிறது. போட்டோ எடுத்து உங்களுக்குக் காட்டக்கூடிய கட்டடமல்ல அது. ஆகவே வாயால் சொல்லுகிறேன். அந்தச் சோதனை செய்ய வழியில்லாத இடத்தில் ஆல்புமின் அளவை வைத்து மதிப்பிடுவார்களாம். ஆனாலும் முதலில் கண்ணையும் நடையையும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

மாத்திரையைச் சில நாள் நிறுத்திப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். போன வாரம் டயாலிசிஸுக்கு அவர் தாமே நடந்து வந்தார். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து, "இனி யார் கூட்டச் சொன்னாலும் இதைக் காட்டுவேன், ஐயா" என்றார்.