நாப்கின் எப்படி இருக்கணும்னு யார் முடிவு பண்றது?



தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989ல் முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போ கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. சேமிக்கக் கத்துக்கிட்டோம், பொருள் தயாரிக்கவும் கத்துக்கிட்டோம். ஆனா ஒரு பொருள் எப்படி இருக்கணும்னு விதி போடுற இடத்தில் நாம இருக்கோமா?

சில வருஷம் முந்தி எங்க குழுவில் நாப்கின் போட்டோம். ஒரு இடத்தில் மொத்த ஆர்டர் பேசப் போனப்ப, "ஐ.எஸ். 5405 படி டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பஞ்சு எவ்வளவு, பசை எவ்வளவுன்னு கேட்டா தூக்கத்திலும் சொல்வோம். இந்த நம்பர் தெரியாது. ஆர்டர் போச்சு.

அப்புறம்தான் விசாரிச்சேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை தெரியும் இல்லையா, குக்கர்லயும் கேஸ் அடுப்புலயும் பார்க்கிறது? அதைத் தர்றது பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனம். தலைமை டெல்லியில், தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில். நாப்கினுக்கு அவங்க போட்ட தர விதிதான் 5405.

1980ல் வந்த அந்த விதியில், நிறம் கலந்த தண்ணியையோ ஆட்டு ரத்தத்தையோ நிமிஷத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி நடுவில் ஊத்தணும், அடியிலும் பக்கத்திலும் கசியக் கூடாதுன்னு இருந்தது. அதாவது ரெண்டே நிமிஷச் சோதனை. ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற நம்ம பொண்ணுக்கு ரெண்டு நிமிஷமா கணக்கு? பாத்ரூம் போக சூப்பர்வைசர்கிட்ட கேட்கணும், அப்புறம் கம்பெனி பஸ், வீட்டுக்கு வர இருட்டிடும். தொடை உரசிப் புண்ணாகிறது எந்த மில்லியில் வருது? ஊத்தி அளந்தவங்களைக் குறை சொல்லலை. நாம சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த விதி 39 வருஷம் அப்படியே இருந்துச்சு. 2019ல்தான் மாத்தினாங்க. கிருமி இருக்கான்னு பார்க்கிற சோதனையெல்லாம் அப்போ சேர்ந்தது. துவைச்சுப் பயன்படுத்துற நாப்கினுக்கு 2021ல் தனி விதியே வந்தது, ஐ.எஸ். 17514.

இந்த விதிகளை எழுதுறது பி.ஐ.எஸ். குழுக்கள். கம்பெனிக்காரங்க, ஆய்வுக்கூடத்துக்காரங்க, அரசுத் துறை ஆட்கள் இருப்பாங்க. நுகர்வோர் அமைப்புகளுக்கும் இடம் உண்டு. ஆனா கம்பெனியிலிருந்து வர்றவருக்கு அது சம்பளத்தோட பார்க்கிற வேலை. நுகர்வோர் சார்பில் போறவர் தன் பொழப்பை விட்டுட்டுப் போகணும். அங்கேயே தராசு ஒரு பக்கம் சாஞ்சிடுது.

அதனால டெல்லி போக முடியாதவங்களுக்கும் ஒரு வாசல் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். புது விதியோட வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுவாங்க, பொதுவா ரெண்டு மாசம் அவகாசம். யார் வேணும்னாலும் எழுதலாம், டிகிரி கேட்க மாட்டாங்க. என்ன சிக்கல்னா, வரைவு வர்றது இங்கிலீஷில். காலேஜ் படிக்கிற நம்ம பிள்ளைங்களை உட்கார வெச்சுப் படிக்கச் சொல்லணும். "சரியில்லை"ன்னு எழுதினா ஒதுக்கிடுவாங்க. எந்தப் பிரிவு, என்ன குறை, எப்படி மாத்தணும், ஏன், இவ்வளவும் இருந்தாத்தான் குழு எடுத்துப் பேசும்.

நாம எழுதுறதில் இன்னொரு சங்கடமும் இருக்கு, மறைக்கலை. நாம வாங்குறவங்க மட்டும் இல்லை, விக்கிறவங்களும்தான். சோதனை கூடினா செலவும் கூடும், சின்னக் குழு தாங்காது. எங்க குழுவிலேயே இதில் ரெண்டு கட்சி. போடுறவளா யோசிச்சா ஒரு பேச்சு, நம்ம மகளுக்கு வாங்குறப்ப வேற பேச்சு. ரெண்டையும் எழுதுவோம். சோதனை வேணும், சின்னக் குழுவுக்குக் கட்டணம் குறையணும்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வாங்க. எத்தனை மணி நேரம் மாத்த முடியலை, எங்க கசிஞ்சது, எங்க அரிச்சது, பேர் போட வேண்டாம். ஓசூர்ல ஹாஸ்டல்ல இருக்கிற பிள்ளைங்ககிட்ட போன்ல கேட்டு எழுதுங்க. கூச்சப்பட்டா அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டமைப்பு லெட்டர்பேடில் தரமணிக்கு அனுப்புறது என் பொறுப்பு.