வகுப்பு யாருக்காக?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்திக்கொண்டது. ஏகாதிபத்தியத்தின் கை ஒன்று ஒடிந்தது என்று நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். நாம் அந்த மகிழ்ச்சியில் சேரவில்லை. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1989இல் போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்தது. சந்தைப் பொருளாதாரத்தைக் கற்றுக்கொடுக்க மேற்கு நாட்டு ஆலோசகர்கள் வந்து குவிந்தார்கள். வார்சா நகரின் மாரியட் ஓட்டலில் தங்கினார்கள். 'மாரியட் படை' என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. உதவிப் பணத்தில் கணிசமான பங்கு அவர்களுடைய சம்பளமாக வந்த வழியே திரும்பிப் போயிற்று.

போலந்து விவசாயிக்கு உழத் தெரியாதா? கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனி விவசாயிகள் கையில்தான் இருந்தது. 1990இல் மானியம் போயிற்று. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிற்று. வெளிநாட்டு உணவுப் பொருள் கடைகளை நிரப்பிற்று. கடன் கழுத்தை நெரிக்கிறவனுக்குக் கணக்கெழுதும் வகுப்பு மட்டும் சோறு போடுமா? 1992இல் ஆண்ட்ஜெய் லெப்பர் தலைமையில் கடன்பட்ட விவசாயிகள் 'தற்காப்பு' என்ற சங்கம் கண்டார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்னாள் சோவியத் நாடான மால்டோவாவின் ஒயினில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கே போய்க்கொண்டிருந்தது. 2006இல் ரஷ்யா தடை விதித்தது. திராட்சை விவசாயி தவித்துப் போனான். ஐரோப்பியச் சந்தை கேட்கும் தரத்தில் ஒயின் செய்யவும் விற்கவும் அமெரிக்க உதவியில் பயிற்சி கிடைத்தது. 2013இல் ரஷ்யா மறுபடி தடை விதித்தபோது விற்க வேறு இடம் இருந்தது. இதில் அமெரிக்காவுக்கு அரசியல் ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விவசாயிக்கும் ஆதாயம் இருந்தது.

ஒரு இடத்தில் பாடம் மட்டும் வந்தது. இன்னொரு இடத்தில் பாடத்தோடு சந்தையும் வந்தது. வித்தியாசம் அதுதான். இரண்டு இடத்திலும் கடிவாளம் கொடுப்பவர் கையிலேயே இருந்தது. அதனால்தான் 2025இல் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்ததும் பல நாடுகளில் பாதியில் நின்ற வேலைகள் அப்படியே கிடந்தன. வயலில் நிற்கிறவனை யாரும் கேட்கவில்லை.

புக்கிங் கவுண்டரில் ஒரு நாளும் உட்காராதவர் நமக்கு வகுப்பெடுத்தால் எப்படி இருக்கும் என்பது ரயில்வேக்காரர்களாகிய நமக்குத் தெரியும். ஆகவே, பயிற்சி என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். பாடத்தை முடிவு செய்தவர் யார்? கற்றவனுக்குக் கடனும் சந்தையும் உண்டா? கொடுப்பவர் போனபின் அதை நடத்த உள்ளூர்க் கூட்டுறவு இருக்கிறதா?

பதில் இருந்தால் எந்த நாட்டுப் பணமானாலும் கற்றுக்கொள்வோம். இல்லையென்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவைப்போம்.